நீலக் குழாயின் பெயர்

செவ்வாய், 14 செப்டம்பர் 1999

எங்கள் டில்லித் தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழில் பத்தி பத்தியாகப் படிக்கத் திணறுகிறார்கள் என்று, ரத்த ஓட்டப் பாடம் முழுவதையும் ஒரே தாளில் படமாக வரைந்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அதில் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்க்குச் ‘சிரை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘நரம்பு’ என்று எழுதியிருந்தேன். ரத்தம் எடுக்கும்போது வீட்டில் அப்படித்தானே சொல்கிறோம், கை அதையே எழுதிவிட்டது.

வித்யா எழுந்தாள். டில்லியிலேயே பிறந்த பெண், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

“மிஸ், நரம்புன்னா நர்வ்தானே? அதுல எப்படி பிளட் போகும்?”

கேட்டவுடனேயே என் தவறு தெரிந்துவிட்டது. ஆனாலும், “வீட்டுல பூரா ஹிந்தி, நீ எனக்குத் தமிழ் கத்துக்குடுக்கிறியா? உக்காரு” என்றேன்.

“புலவர்ஜி, பைட் ஜாயியே!” என்று அவளை ஹிந்தியில் உட்காரச் சொல்லிப் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் நோட்டுகளைத் திருத்த எடுத்தேன். வித்யா அந்தப் படத்தை என்னைவிட அழகாக வரைந்திருக்கிறாள். நீலம் தீட்டிய அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் முதலில் ‘சிரை’ என்று எழுதி, தாள் கிழியும் அளவுக்கு அழித்து, மேலே ‘நரம்பு’ என்று எழுதியிருக்கிறாள். பரீட்சையிலும் இப்படியே எழுதிவிடுவாள்.

சிவப்புப் பேனாவால் அதைச் சுழிக்கக் கை வரவில்லை. நாளை எல்லார் முன்னாலும், அவள் கேட்டதுதான் சரி என்று சொல்ல வேண்டும். அச்சுப்பிழை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்று இப்போதுகூட மனம் யோசிக்கிறது. அந்தத் தாள் முழுக்க என் கையெழுத்து.