இரண்டு வாசல்கள்

அன்பு மகளுக்கு,

போன மாதம் உன் வீட்டின் முன்னால் எங்கள் வண்டி நின்றதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நீ ஞானஸ்நானம் பெற்று றோலண்டைக் கட்டிக்கொண்ட அன்று, உன் வீட்டுப் படியை மிதிக்கமாட்டேன் என்று அம்மா சத்தியம் செய்தாள். அதனால்தான் ஓய்வு பெற்றதும் பாண் ரொட்டி விற்ற பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக்கினேன். ஊர் பார்க்க என்றுதான் அவளிடம் சொன்னேன். ஹக்கல பூந்தோட்டம் பார்த்தோம், டிக்கோயாவில் உன் அண்ணன் வீட்டில் தங்கினோம், பிறகு நோர்வூட்டுக்கு வண்டியைத் திருப்பினேன்.

நீ வாசலில் நின்று, "உள்ள வாங்கம்மா" என்றாய்.

"இதுவும் வீடுதான். நீ உள்ள வா" என்றாள் அம்மா, வண்டிக்குள் இருந்தபடியே.

"எறங்கி வந்தா கொறஞ்சா போயிருவீங்க?"

"ஏறி வந்தா நீ தேஞ்சா போயிருவ?"

மலைச்சரிவை மறைத்துக்கொண்டு மழை வந்தது. இருவரும் அசையவில்லை. வகுப்பில் சண்டை போட்ட பிள்ளைகளை ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பழகியவன் நான். உங்களுக்கு மட்டும் ஆளுக்கொரு வாசலைச் செய்து கொடுத்துவிட்டேன்.

திரும்பும் வழியில் அவள் சொன்னாள்: "அவ கையப் புடிச்சு இழுத்திருந்தா எறங்கியிருப்பேங்க."

இப்போது மறுபடி அண்ணன் வீட்டில்தான் இருக்கிறோம். நேற்றுக் காலை அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. டாக்டர் என்னிடம் அதிகம் சொல்லவில்லை, தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

இதைக் கொண்டுவருபவரின் காரிலேயே ஏறிவிடு. இனி அவள் உன்னைக் கூப்பிடமாட்டாள், மகளே. கூப்பிடாமலே வா.

உன் அப்பா