தவிட்டுக் கூடையில் முப்பது முட்டை

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து சாரல். காற்று வாழை இலைகளைக் கிழித்துத் தோரணம் ஆக்கிவிட்டது.

குடும்பத்தார் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கேட்க வேண்டிய செய்தி: டி.வி. ரிமோட் கைமாறியது. பல்லாண்டுகளாக அதை இடுப்பில் செருகியபடி ஆண்டுவந்த தங்கை தேன்மொழி (எட்டாம் வகுப்பு) பெரியவளாகிவிட்டாள். பின்னறையில் தனிப் பாய், தனித் தட்டு, பதினாறு நாள். ரிமோட் இனி அடியேனிடம். பதவியேற்புக்கு யாரும் வரவில்லை.

வந்தது அத்தை. மாமாவின் மனைவி, வடுகபட்டி. தாய்மாமன் வீட்டு முறைப்படி உளுந்து, கருப்பட்டி, செக்கு நல்லெண்ணெய், பிறகு தவிட்டுக் கூடையில் புதைத்த நாட்டுக்கோழி முட்டை முப்பது. ஓட்டில் எச்சம், இறகு எல்லாம் அப்படியே. ஃபிரிட்ஜில் பூவும் மாவும் அடைத்துக்கிடக்கிறது. கூடை அடுப்படி மூலையில், வெக்கையில்.

தினம் வெறும் வயிற்றில் பச்சை முட்டை. குடித்த ஓட்டிலேயே நல்லெண்ணெய் ஊற்றி அதையும். இடுப்புக்குப் பலமாம்.

ஜூன் 13, வெள்ளி

முதல் வாயிலேயே தேன்மொழி ஓங்கரித்தாள்.

“மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா விடு ஆத்தா” - அத்தை.

“வேணும்னா அண்ணன் குடிக்கட்டும். அப்பக் குடிக்கிறேன்.”

சும்மா விடுவேனா? கூடையிலிருந்து ஒன்றை எடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பினேன், அண்ணாந்தேன், முடிந்தது. காலி ஓட்டைக் கவிழ்த்துக் காட்டினேன்.

“யாத்தே, குடிச்சுப்புட்டானே” என்றார் அத்தை. தேன்மொழி என்னை முறைத்தபடியே தன் முட்டையையும் முடித்தாள்.

இதுவரை முட்டை வாங்கியது கணக்குப் பரீட்சையில் மட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

மூன்று நாள், மூன்று முட்டை. தெருவில் பெயர் பரவிவிட்டது. பக்கத்து வீட்டுப் பூனை என் ஜன்னலை விட்டு நகர்வதில்லை. ரசிகை.

தேன்மொழி கேட்டாள், “ஒனக்குக் கொமட்டவே இல்லையா?”

“பழகிட்டா பாயசம்.”

“பொய்யி. ஆனா ஓடு காலியாத்தான் இருக்கு.”

இன்னொன்று. இந்த நோட்டை யாரோ படிக்கிறார்கள். பக்க ஓரத்தில் மஞ்சள் கைரேகை. இந்த வீட்டில் மஞ்சள் பூசி உட்கார்ந்திருப்பது ஒரே ஆள். மஞ்சள் விரலின் கவனத்துக்கு: வீரம் பிறவியிலேயே வருவது. பார்த்துக் கற்றுக்கொள்ளவும்.

ஜூன் 16, திங்கள்

பள்ளிக்கூடம் போகவில்லை. தேன்மொழிக்கு விடியும்போதே வாந்தி. உடம்பு கொதிக்கிறது. வயிற்றுப்போக்கு மத்தியானத்துக்குள் ஒன்பது தடவை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். எப்போதும் வாயடிப்பவள், ஒரு வார்த்தை இல்லை.

அம்மா மிளகாய் சுற்றிப் போட்டார். கண்ணேறாம். பார்க்க வந்த கூட்டம் கொஞ்சமா என்கிறார். சீர்த் தட்டில் வந்த லட்டு மேல் ஒரு சந்தேகம். குழாய்த் தண்ணீர் மேல் ஒரு சந்தேகம்.

அப்பாதான் கேட்டார், “முட்டையா இருக்குமோ?”

“அதெல்லாம் இல்ல. இவனும் அந்தக் கூடையிலதான தினம் குடிக்கிறான். கல்லு மாதிரி நிக்கிறான் பாருங்க” - அம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கல் மாதிரிதான் நின்றேன்.

சோர்ந்து கிடக்கிறாளே என்று சாயங்காலம் இன்னும் இரண்டு முட்டை. தலையைத் தூக்கிப் பிடித்து ஊட்டினார் அம்மா. சொல்ல வாயெடுத்தேன். அம்மா “என்னடா?” என்றார். “ஒண்ணுமில்ல” என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரி. ஆட்டோவில் அப்பா மடியில் துணி மாதிரிக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை.

கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது தடவையில் கிடைத்தது. அழக்கூட இல்லை அவள். அப்பா திராட்சைக்கு மருந்தடிக்கப் போகவில்லை. மருந்தடிக்கும் நாளில் அவர் தோட்டத்துக்குப் போகாமல் நான் பார்த்ததே இல்லை.

டாக்டரம்மா: “என்ன சாப்பிட்டா?”

அம்மா எல்லாம் சொன்னார். உளுந்தங்களி, லட்டு, முட்டை.

“பச்சை முட்டையா?” பேனா நின்றது. “சால்மோனெல்லான்னு ஒரு கிருமி. கோழி வயித்துல இருக்கும், கோழி நல்லாத்தான் திரியும். எச்சம் பட்ட ஓட்டுல இருக்கும், சில முட்டைக்கு உள்ளயே இருக்கும். வேகவச்சாச் செத்துரும்.”

“முட்டை இல்லைங்க டாக்டர். மகனும் தினம் குடிச்சான். அவனுக்கு ஒண்ணுமே இல்லை.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “குடிச்சியா?”

“ம்.”

ஒரு எழுத்துதான். அதுகூட முழு எழுத்தில்லை. அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். மலப் பரிசோதனை முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகுமாம்.

ஜூன் 18, புதன்

காய்ச்சல் இறங்கவில்லை. காலையில் தேன்மொழி அம்மாவையே “யாரு?” என்று கேட்டாள். அம்மா வராந்தாவுக்குப் போய்விட்டார்.

பத்து மணிக்கு அத்தை வந்தார். கையில் தூக்குவாளி. உள்ளே தவிடு, தவிட்டில் மூன்று முட்டை, சின்னக் குப்பியில் நல்லெண்ணெய்.

“நர்சு பாக்குறதுக்குள்ள ஊட்டிருவோம். வயிறு காஞ்சு கிடக்கு பிள்ளைக்கு.”

“டாக்டர் கேட்டாகளே” என்றார் அம்மா, அரை மனசாக.

“கேக்கத்தான் செய்வாக. இந்தா நிக்கிறானே, இவன் குடிச்சுட்டு நல்லாத்தான இருக்கான்?”

நகத்தால் ஓட்டின் தலையைக் கிள்ளினார். தேன்மொழி கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்துப் பழகிய வாய்.

தட்டிவிட்டேன். முட்டை தரையில். அத்தை, “ஏலே, கிறுக்கு பிடிச்சிருச்சா?”

“நான் குடிக்கல அத்தை. ஒண்ணு கூடக் குடிக்கல. ஜன்னல் வழியா ஊத்திட்டேன்.”

அத்தை கையில் ஓட்டுத் துண்டு அப்படியே.

நானே டாக்டரம்மாவைத் தேடிப் போய்ச் சொன்னேன். “நேத்து கேட்டேனேப்பா” என்றார், அவ்வளவுதான். சீட்டில் ஏதோ அடித்து ஏதோ எழுதினார்.

அப்பா அடிக்கவில்லை. வெளியே போய் இளநீர் வாங்கி வந்து, டாக்டரிடம் கேட்டு, கரண்டியால் தேன்மொழிக்குக் கொடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அடித்திருக்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

பரிசோதனை முடிவு வந்தது. அதேதான். காய்ச்சல் காலையில் இறங்கிவிட்டது. கஞ்சி கேட்டாள். பாதி டம்ளர் தங்கியது.

மீதி முட்டைகளை அப்பா வாழைக் கன்றுக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்தார். அம்மா அடுப்படியைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார்.

மத்தியானம் நான் மட்டும் துணைக்கு. தேன்மொழி கேட்டாள், “நெசமாச் சொல்லு. எத்தனை குடிச்ச?”

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாக்கிக் காட்டினேன்.

“நீ குடிச்சேன்னுதான் நான் குடிச்சேன்.” சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பைக்குள் இருந்த ரிமோட்டை எடுத்து அவள் தலையணை அடியில் வைத்தேன். இங்கே டி.வி. கிடையாது. அவள் கை மட்டும் பின்னால் வந்து அதைத் தடவிப் பார்த்தது.

மஞ்சள் விரலுக்கு: இந்த நோட்டில் நீ படித்த வீரமெல்லாம் பொய். முதல் நாள் ஒரு சொட்டு நாக்கில் பட்டது. அதற்கே அன்று முழுக்க எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. மிச்சமெல்லாம் பூனைக்குத்தான்.