கப்பலுக்கு வெட்டிய வெள்ளைக்கொடிகள்

வெள்ளவத்தை
20.10.2024

அன்பு மகன் ராகுலனுக்கு,

நான் சாகவில்லை. எனக்கு மறதியும் வரவில்லை. இரண்டையும் மெல்பேர்ண் வரை பரப்பியவர்கள் நம் தொடர்மாடிக்காரர்கள். போனில் நீ சத்தம் போடுவதால் நடந்ததை எழுதுகிறேன்.

மழைக்குப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கீழ்வீட்டு அலவியின் பேரன் றிகாஸும் எதிர்வீட்டு சுகிர்தனின் மகள் யதுஷாவும் வழக்கம்போல என்னிடம் வந்தார்கள். என் வீட்டில் போன் பார்க்கக் கூடாது. விளையாட்டுச் சாமானைத் தாங்களே செய்ய வேண்டும். போன மழைக்குத் தீப்பெட்டிகளால் துறைமுகம் கட்டினோம். இந்த முறை சாப்பாட்டு மேசைக் கதிரைகளைக் கவிழ்த்துக் கப்பல். வீடு கூட்டும் தும்புத்தடிதான் பாய்மரம். கொடி கேட்டார்கள். பழைய தலையணை உறைகளை முக்கோணமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். கன்னியர் மடத்தில் படித்தவள் பிசிறு தொங்க விடமாட்டாள்.

பிறகு சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்துவிட்டேன். மழை விட்டதும் மிச்சக் கொடிகளைக் கயிற்றில் கோத்துப் படிக்கட்டிலிருந்து கேற் வரை கட்டியிருக்கிறார்கள். வாசலில் வெள்ளைக்கொடி பறந்தால் அது செத்த வீடு என்பது அந்தக் குஞ்சுகளுக்குத் தெரியுமா? அலவி ஏறி வந்திருக்கிறார். வெள்ளைச் சேலையில் நான், வாய் திறந்தபடி. பக்கத்தில் பிள்ளைகள், மூச்சுக் காட்டாமல். "கப்டன் படுத்திட்டா, எழுப்பக்கூடாது" என்றாளாம் யதுஷா. ஆண் துணையில்லாத வீட்டுக்குள் அந்த மனிதர் கால் வைக்கமாட்டார். வாசலில் நின்றே உனக்குப் போன் எடுத்திருக்கிறார். அவர் பேசி வைத்த பிறகு நான் விழித்து, யார் கதவடியில் என்று கேட்டேன். பாவம், படியிலேயே குந்திவிட்டார். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்க்கிறார் இல்லை.

வெள்ளைக்கொடி தைத்துக் கொடுத்தவளுக்கு மறதி என்று சொல்லிப் பிள்ளைகளையும் என்னிடம் விடுகிறார்கள் இல்லை. என் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று சுகிர்தனுக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அம்மா

மெல்பேர்ண்
02.11.2024

அன்புள்ள அம்மா,

கடிதம் கிடைத்தது. சுகிர்தனுக்கு எழுதினேன், ஆனால் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்றுதான். அவர்களுக்கு ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு?

களனியில் ஒரு முதியோர் இல்லத்தில் தனி அறை பேசியிருக்கிறேன். ஆற்றுக்காற்று வரும். பார்க்க ஆட்கள் இருப்பார்கள். கோபப்படாமல் யோசியுங்கள்.

அன்று நான் துடித்த துடிப்பு உங்களுக்குத் தெரியாது. அலவி நானாவிடம் என்ன கதைத்தேன் என்றே நினைவில்லை.

உங்கள்
ராகுலன்

வெள்ளவத்தை
14.11.2024

ராகுலன்,

உனக்கு நினைவில்லை என்கிறாய். அலவிக்கு இருக்கிறது. நேற்று அவர் மனைவி பைறோஸா வட்டிலப்பம் கொண்டுவந்தா. நான் விடாமல் கேட்டதும் அழுதுகொண்டே சொல்லிவிட்டா. "நானா, எனக்கு இப்ப வர ஏலாது. நீங்களே எல்லாத்தையும் முடிச்சுவிடுங்கோ. எரிக்கிறதை வீடியோவில காட்டினாப் போதும்." இது நீ சொன்னது. அலவி நல்ல மனிதர். அதையும் செய்திருப்பார்.

மழை இன்னும் விடவில்லை. என் கதவு திறந்தே கிடக்கிறது. காலையில் யதுஷா தாயின் கையைப் பிடித்தபடி கப்பலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு படியிறங்கினாள். கதிரைகளை நான் நிமிர்த்தவில்லை. நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறேன்.

களனிக்குப் போகத்தான் வேண்டுமென்றால் போகிறேன். அதற்கு முன் ஒரு மழைக்காவது அந்தப் பிள்ளைகளை என்னிடம் விடச் சொல். கெஞ்சிப் பழக்கமில்லாதவள் நான், இது கெஞ்சல்தான்.

இன்னும் ஒன்று. லீவுக் கதை வேண்டாம், டிக்கெற் கதை வேண்டாம். நான் உண்மையாகவே போகும்போது நீ வருவாயா? போனில் சொல்லாதே. ஒரு தாளில், உன் கையெழுத்தில், பதில் எழுதி அனுப்பு.

அம்மா
பாலேஸ்வரி