சுற்றிப் போகச் சொன்ன மதில்

அன்புள்ள அம்மாவுக்கு மகன் பிரதீபன் எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கொழும்புக்கு வெளியே வயல்களை மண் போட்டு நிரப்பி வரிசையாக வீட்டுத் திட்டங்கள் கட்டுகிறார்கள். அங்கேதான் இப்போது எனக்குக் கட்டட வேலை. ஒன்றின் பாதை அடுத்ததோடு சேர்வதில்லை, நடுவில் மதில்தான். போன வாரம் அக்கம்பக்கத்தார் நடந்துவந்த ஒரு சின்னப் பாதையை மறித்து நான் மதில் எழுப்பினேன். மறுநாள் வயதான முஸ்லிம் அம்மா ஒருவர் மருந்து எழுதும் கிளினிக் கொப்பியோடு வந்து நின்றார்.

"மகன், கிளினிக் அங்க தெரியுதே. இனி எப்பிடிப் போற?"

"சுத்திப் போங்க உம்மா" என்றேன்.

நம் தேயிலைத் தோட்டத்தில் குறுக்குப் பாதைக்கு வேலி அடித்த அன்று காவல் வாச்சர் உங்களிடம் சொன்னதும் இதைத்தான். அவரை நான் எவ்வளவு திட்டினேன். அந்த உம்மாவும் உங்களைப் போலவே ஒரு காலை இழுத்துத்தான் நடந்தார்.

இதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். சாப்பாடு பரவாயில்லை. நம் தெரணியகலையிலிருந்து யாராவது வந்தால், கொழுந்து பறிக்கும்போது நீங்கள் விரலில் சுற்றும் துணியில் கொஞ்சம், சிமெந்து அரித்த என் விரல்களுக்குச் சுற்ற, கொடுத்தனுப்புங்கள். மேசன் பாஸ் கூப்பிடுகிறார். யாரும் ஏறிக் கடக்காதபடி அந்த மதிலுக்கு மேலே இனி கண்ணாடித் துண்டு பதிக்க வேண்டுமாம்.