பின்னறையின் அடுப்பு

ஜூலை 8, செவ்வாய்.

கரண்ட் பில் இந்த மாதமும் எகிறிவிட்டது. பின்னறையில் வாடகைக்கு இருக்கும் செல்விக்கு எங்கள் மீட்டரிலிருந்துதான் ஒயர் இழுத்துக் கொடுத்திருக்கிறோம். ஒரு பல்பு, போன் சார்ஜ், அவ்வளவுதான். சமையல் கொட்டகை விறகடுப்பில் என்று பேச்சு.

ஒரு வாரமாக நோர்வூட்டில் விடாத மழை. என் விறகெல்லாம் புகைந்து கண்ணைக் கெடுக்கிறது. அவளோ மத்தியானம் எனக்கும் சுடச்சுடச் சோறு கொண்டுவந்தாள்.

“ஈர விறகு எப்படி புள்ள எரியுது?” என்றேன்.

“ஊதி ஊதித்தாங்க்கா எரிய வைக்கிறேன்.”

அவள் கண் சிவக்கவே இல்லை. ஒளித்து ரைஸ் குக்கர் வைத்திருக்கிறாளோ? அவள் கடைக்குப் போனதும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். பத்து நாளாகத் தேடிக்கொண்டிருந்த எங்கள் கோழி, அவளுடைய அடுப்புச் சாம்பலில் அடைகாத்துக்கொண்டிருந்தது.