மாமிக்கு மட்டும் போகும் பதில்

வெள்ளவத்தை,
சனிக்கிழமை.

அன்புள்ள ஜனாவுக்கு,

நீ, சுபோதினி, பிள்ளை, மாமி எல்லோரும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், வேலை செய்கிறேன், கிழமைக்கு ஒருதரம் உடுப்புத் தோய்க்கிறேன். ஒவ்வொரு முறையும் நீ முதலில் இதைத்தான் கேட்பாய், அதனால் கேட்க முதலே சொல்லிவிட்டேன்.

இதை வாட்ஸப்பில் போட்டால் நான் இரண்டு வரி எழுத முதல் நீ பதில் போடுவாய், நான் பாதியில் விட்டுவிடுவேன். அதுதான் மெயிலில் எழுதுகிறேன். வேலைத்தலத்தில் வைத்து வாசிக்காதே. வீட்டுக்குப் போய், மாமி படுத்த பிறகு வாசி.

இங்கே மழை விட்டபாடில்லை. கடல் பக்கத்து யன்னலைத் திறந்தால் உப்புத் தண்ணி அடிக்கிறது. லிஃப்ட் பழுதாகி ஒரு கிழமை படியால்தான் ஏறி இறங்கினோம், நேற்று முன்தினம்தான் திருத்தினார்கள். திருவெம்பாவை தொடங்கிவிட்டது. விடிய ஸ்பீக்கர் சத்தத்தில் எழும்பிவிடுகிறேன், பிறகு செய்ய ஒன்றும் இல்லை. கீழ் வீட்டு நளீபா அக்கா அடிக்கடி ஏதாவது கொடுத்தனுப்புகிறார். நான் வேண்டாம் என்று சொன்னால் கோப்பையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

உன்னுடைய குரல் பதிவை நாலைந்து தரம் கேட்டேன். "இப்ப கொம்பியூட்டரிலை ஆற்றை குரலையும் செய்யலாமாம் அத்தான். அக்கான்ரை பதிவுகள் உங்களிட்டைக் கிடக்குத்தானே. ஒரேயொரு வசனம் போதும். 'அம்மா, தொண்டை சுகம், சித்திரைக்கு வாங்கோ' எண்டு. அதைக் கேட்டால் அம்மா வோக்கரையும் விட்டிட்டு நடப்பா" என்று சொல்லியிருக்கிறாய். அது செய்ய முடியாத வேலை இல்லை. எனக்குத் தெரிந்த வேலைதான், அரை நாள் இருந்தால் போதும். ஆனாலும் உனக்குப் பதில் சொல்ல முதல் நேற்று இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல, ஆரணியின் இணையப் பக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பாதி உனக்குத் தெரிந்த கதை, இருந்தாலும் பொறுமையாக வாசி.

ஆரணி மதியச் சாப்பாட்டுப் பார்சல் தொடங்கியபோது அவளுக்காக நான் எழுதிக் கொடுத்த பக்கம் அது. காலையில் அன்றைய கறிகளைப் படம் எடுத்துப் போட்டு, என்னென்ன கறி என்று தன் வாயாலேயே சொல்லிப் பதிந்துவிடுவாள். பாங்கில் வேலை செய்கிற பிள்ளைகளும் பிளாட்டுகளில் தனியே இருக்கிற வயதானவர்களும் அதைப் பார்த்துத்தான் சொல்லி வைப்பார்கள். மாமி அங்கே உன் வீட்டில் இருந்து பார்ப்பார், மகள் இன்றைக்கு என்ன சமைத்தாள் என்று.

ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஒரு கேள்வி எங்கள் சேர்வருக்கு வரும். நான் எழுதிய புரோகிராம் அதற்கு ஒரு பதிலைக் கட்டி அனுப்பும். ஆரணி பார்சல் கட்டுவது மாதிரித்தான். உள்ளே சோறு கறி, அதாவது கண்ணுக்குத் தெரிகிற பக்கம். மூடிக்கு மேலே அவள் மார்க்கரால் எழுதுவாளே, மீன், மரக்கறி, உறைப்புக் குறைவு என்று, அப்படி எழுத பதிலுக்கும் மேலே இடம் இருக்கிறது. திறந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது. இடையில் இருக்கிற மெஷின்கள் அதை வாசித்துத்தான் நடக்கும். முதலில் ஒரு எண் போட வேண்டும். 200 என்றால் கேட்டது இருக்கிறது, இந்தா. 404 என்றால் அப்படி ஒன்றைக் காணவில்லை. 410 என்று இன்னொன்று உண்டு. முன்பு இருந்தது, இனி இல்லை என்று அர்த்தம். இத்தனை வருட வேலையில் நான் அதை ஒருநாளும் பாவித்ததில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை பாவித்தேன்.

எல்லோருக்கும் 410. மாமிக்கு மட்டும் 200.

பாரிசவாதத்தில் படுத்திருக்கிறவருக்கு இதைச் சொல்லக்கூடாது என்று நீ அழுதபோது நானும் ஓம் என்றேன். டெங்கு வந்து ஒரு கிழமைக்குள் ஒரு ஆள் இல்லாமல் போனதை எனக்கே ஒருவர் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. தொண்டையில் ஒப்பரேஷன், கதைக்கக்கூடாது, சமையல் மட்டும் செய்கிறாள் என்று நீ மாமியிடம் சொன்னாய். மிச்சத்தை நான் செய்தேன். நீ மாமியின் டப்லெட்டில் திறந்து வைத்த லிங்க் அதில் ஒரு அடையாளத்தைப் பதிந்தது. அந்த அடையாளத்தோடு கேள்வி வந்தால், புரோகிராம் அதே கிழமை நாளில் ஆரணி போட்ட பழைய பக்கம் ஒன்றை எடுக்கும். பதிலைக் கட்டி முடித்த பிறகும், அது வெளியே போக முதல் பிடித்து மாற்ற ஒரு இடம் இருக்கிறது. அங்கேதான் நான் பழைய திகதியை எடுத்துவிட்டு அன்றைய திகதியைப் போட்டேன். படம் அவளுடையது. குரல் அவளுடையது. "இண்டைக்கு" என்று அவள் சொல்வதும் அவள் சொன்னதுதான். அது எந்த இன்று என்பதை மட்டும் நான் மாற்றினேன்.

மார்கழியில் எங்கே கறுத்தக்கொழும்பான் மாம்பழம் என்று மாமி கேட்டதாகச் சொன்னாயே, அது என் கவலையீனம். வெள்ளிக்கிழமைக்கு மரக்கறி வருகிறதா என்று பார்த்த நான் மாம்பழக் காலத்தைப் பார்க்கவில்லை. கடையில் இப்போது வருஷம் முழுக்க விற்கிறார்கள் என்று நீ சமாளித்தாய். மாமி நம்பினாரா, நம்ப விரும்பினாரா, தெரியாது.

இனி நேற்றையது. மாமிக்குப் படம் வரச் சுணங்குகிறது என்று நீ சொன்னாய் அல்லவா? அதற்காக நேற்றுக் காலையில், அந்தப் பதிலின் ஒரு பிரதியை இடையில் இருக்கிற மெஷின்கள் ஒரு நாள் வைத்திருந்து கொடுக்கலாம் என்று பதிலின் மூடியில் எழுதிவிட்டேன். அப்படி மெஷின்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கனடாவில் உங்களுக்குக் கிட்ட ஒன்று, கொழும்பில் ஒன்று. எழுதும்போது, இது ஒரு ஆளுக்கு மட்டும், மற்றவர்களுக்குக் கொடுக்காதே என்றும் எழுதியிருக்க வேண்டும். ஒஃபிசில் புதிதாகச் சேருகிற பெடியளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுக்கிற விஷயமே அதுதான். எழுதவில்லை.

அப்படி இருந்தும் அந்தப் பிழை கனடாவோடு நின்றிருக்கும். மாமி திறந்தால் பிரதி கனடாவில்தான் நிற்கும், இங்கே உள்ளவர்களுக்கு வராது. கொழும்பில் இருந்துகொண்டு மாமியின் அடையாளத்தோடு அந்தப் பக்கத்தைத் திறக்கிற ஆள் ஒருவர்தான். முதல் கிழமை, எல்லாம் சரியாகப் போகிறதா என்று பார்க்கத் திறந்தேன். பிறகு பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றுகிற நேரம் திறப்பேன்.

நேற்றும் திறந்தேன். "இண்டைக்கு முருங்கைக்காய்ப் பால்கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம். நேரத்துக்கு வாங்கோ, பிந்தி வந்தால் ரசம்தான்" என்றாள். கேட்டுவிட்டு வேலையில் இருந்துவிட்டேன். கொழும்பு மெஷின் அந்தப் பிரதியை வைத்துக்கொண்டு, திறந்த எல்லோருக்கும் அதையே கொடுத்திருக்கிறது. யாரோ ஒரு ஆள் எங்கள் லேன் வாட்ஸப் குழுவிலும் போட்டிருக்கிறார், ஆரணி வீட்டுச் சாப்பாடு திரும்பவும் தொடங்கிவிட்டது என்று.

மத்தியானம் நளீபா அக்கா போன் எடுத்தார். "தம்பி, கேட்டடியில ஆக்கள் வந்தீக்கிறாங்க. சாப்பாட்டுக்கு எண்டு செல்றாங்க. ஒரு புள்ளட போன்ல ஆரணிட கொரல் கேக்குது. நான் என்னத்தச் செல்ல?" என்றார்.

இறங்கிப் போனேன். குடைகளோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பாதிப் பேர் புதியவர்கள், ஆரணியை அறியாதவர்கள். பாங்க் பிள்ளைகளில் ஒருத்தி செத்தவீட்டுக்கு வந்தவள். யாரோ சொந்தக்காரர் சமையலைத் திரும்பத் தொடங்கியிருக்கிறார் என்று நினைத்தாளாம். என் முகத்தைக் கண்டதும் போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டாள். நான் வாயைத் திறக்க முதல் நளீபா அக்காவே, கொம்பியூட்டர் பிழை, மன்னிக்க வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டார். ஒருவரும் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

எல்லோரும் போன பிறகு சவுந்தரநாயகம் ஐயா வந்தார். பக்கத்து லேனில் தனியே இருக்கிறவர், ஆரணியிடம் நாள் தவறாமல் சாப்பாடு எடுத்தவர். பார்சல் பெட்டி பிடிக்காது என்று சில்வர் சாப்பாட்டுக் கரியரோடுதான் வருவார். நேற்றும் அந்தக் கரியர் கையில். நனைந்து போயிருந்தார். இவருக்கு எல்லாம் மறந்துபோகத் தொடங்கிவிட்டதாக்கும் என்று நினைத்து, மெதுவாகச் சொன்னேன், ஐயா, ஆரணி இப்போது இல்லை என்று.

"தெரியும் தம்பி. கனத்தைச் சுடலைக்கும் வந்தனான்தானே" என்றார். பிறகு கரியரை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "எண்டாலும் இண்டைக்கு எண்டு போட்டிருந்துது. பிள்ளை வாங்கோ எண்டும் சொல்லுது. வராமல் இருக்க ஏலேல்லை" என்றார்.

மேலே கூட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் பாணும் வாழைப்பழமும்தான் இருந்தன. நளீபா அக்கா பருப்பும் சம்பலும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் மேசையில் இருந்து சாப்பிட்டோம். அந்த மேசையில் என்னோடு ஒரு ஆள் இருந்து சாப்பிட்டது ஆரணிக்குப் பிறகு நேற்றுத்தான். போகும்போது வாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார், "நாளைக்கும் போடுவீரோ?"

நான் இல்லை என்று சொல்லவில்லை ஜனா. ஓம் என்றும் சொல்லவில்லை. அவர் கரியரைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போனார்.

அதன் பிறகு இருந்து எல்லாவற்றையும் திருத்தினேன். கொழும்பில் நின்ற பிரதியை அழித்தேன். மூடியில் எழுத வேண்டியதைச் சரியாக எழுதினேன். எல்லோருக்கும் திரும்பவும் 410 போகிறது. மாமிக்கு இன்னும் 200தான்.

செத்தவீட்டுக்கு வந்து, வாய்க்கரிசி போட்டதைக் கண்ணால் கண்ட மனிதன் கரியரைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் வருகிறார். ஒன்றும் தெரியாத மாமி என்ன செய்வார்? நடந்து பழகுகிறார். முதலில் கட்டிலில் இருந்து கதிரைக்கு, இப்போது படிவரைக்கும் போகிறார் என்று நீ சந்தோஷமாகச் சொல்கிறாய். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, சித்திரைக்கு டிக்கெட் போடச் சொல்லிக் கேட்கிறார் என்று நீ சொல்லும் வரைக்கும். மாமி கட்டுநாயக்காவில் வந்து இறங்கினால் நான் யாரைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பது?

அந்தக் குரலை நான் செய்யமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. இதுவரைக்கும் மாமி கேட்டதெல்லாம் ஆரணி சொன்னது. சித்திரைக்கு வாங்கோ என்று அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. அதை நான் செய்து வைத்தால் நானும் அதைக் கேட்பேன், உனக்குத் தெரியும். ஒருநாள் அல்ல, ஒவ்வொரு நாளும் கேட்பேன். வேறு வேறு வசனமும் செய்வேன். பிறகு எது அவள் சொன்னது, எது நான் செய்தது என்று எனக்கே தெரியாமல் போய்விடும்.

மாமிக்குச் சொல்லு ஜனா. முதலில் டொக்டரிடம் கேள். சுபோதினியும் வீட்டில் நிற்கிற நாளாகப் பார். சுற்றி வளைக்காமல், கையைப் பிடித்துக்கொண்டு சொல்லு. கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமி கட்டாயம் கேட்பார். நான் இதை ஒருவருக்கும் சொன்னதில்லை, நீ சொல்லு. ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகத் தெளிவாகச் சொன்னது, "பக்கத்திலை போட்டுவிடுங்கோ, இந்தக் கிழமை சாப்பாடு இல்லை எண்டு, பாவங்கள் வந்து பாத்திட்டுப் போகப்போகுதுகள்" என்பதுதான். அவள் பயப்படவில்லை. ஒரு கிழமையில் எழும்பிவிடுவேன் என்றுதான் நினைத்தாள்.

ஏன் இத்தனை நாளும் மறைத்தீர்கள் என்று மாமி ஏசினால் என்னைச் சொல்லு. பக்கத்தைக் கட்டினவன் நான்தான். சொன்ன பிறகும் மாமி அதைப் பார்க்க விரும்பினால் எடுக்கமாட்டேன், எல்லாம் அப்படியே இருக்கும். திகதிகள் மட்டும் உண்மையான திகதிகளாக இருக்கும். மாம்பழம் ஆனியில் வரும்.

நீ மாமிக்குச் சொல்கிற நேரம் எனக்குப் போன் எடு. இங்கே என்ன நேரமாக இருந்தாலும் பரவாயில்லை. நான் ஒன்றும் கதைக்கமாட்டேன், மாமிக்கு ஆறுதல் சொல்லவும் எனக்குத் தெரியாது. மாமி அழத் தொடங்கினால், அத்தான் பாவம் என்று நினைத்து நீ போனைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகாதே. போனை நிற்பாட்டவும் வேண்டாம். கட்டிலில், மாமிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடு. இங்கே ஒருவரும் எனக்கு முன்னால் ஆரணிக்காக அழுவதில்லை ஜனா. நான் திடமாக இருக்கிறேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மாமி அழுது முடியும் வரைக்கும் நான் லைனில் இருந்துகொள்கிறேன்.

பிள்ளைக்கு என் முத்தம். மாமியை அந்த முருகன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்றும் உன் அத்தான்,
ராகுலன்