நல்ல கண்ணுக்குக் கட்டு

தாது வருஷம், மாசி 4, திங்கள்

பனி. வைக்கோல்போர் நனைந்து நாற்றம். பசு பாலை அடக்கிக்கொண்டது.

நாளை பட்டணம், கண் ஆஸ்பத்திரி. பேரன் தணிகாசலத்துக்கு இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்குகிறது. இன்னும் நடக்காத பிள்ளை. முதலில் கண்டுபிடித்தது நான். சொன்னபோது என் மகன் ஏழுமலை, "ஒனக்கு எல்லாமே கோணலாத்தான் தெரியும்மா" என்றான். இப்போது அவனே பதறுகிறான். மறக்க மாட்டேன்.

காரணமும் எனக்குத் தெரியும். சென்னீர்குப்பத்துச் சம்பந்தி தொட்டிலில் முகத்துக்கு நேரே கட்டிவிட்டுப் போன சிவப்புக் கிலுகிலுப்பை. அதையே பார்த்துப் பார்த்துக் கண் உள்ளே இழுத்துக்கொண்டது. கல்யாணத்தில் எங்கள் பந்திக்கு மட்டும் அப்பளம் வராதபோதே அவளைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். (இனி செ.காரி. முழுப்பேருக்கு மை வீண்.)

எடுத்துப்போக: பால் செம்பு, பழந்துணி, விபூதி, கட்டுச்சோறு.

மருமகள் கன்னியம்மா புதுப் புடவையை எடுத்து வைக்கிறாள். ஆஸ்பத்திரிக்கா, கல்யாணத்துக்கா?

மாசி 5, செவ்வாய்

திருநின்றவூரில் ரயில் ஏறியதிலிருந்து எதிரே இருந்தவள் பிள்ளையையே பார்த்தாள். "மாறுகண்ணு ராசிம்மா, வுட்டுடுங்க" என்றாள். அவள் பிள்ளைக்கு வந்தால் விடுவாளா. முந்தானையால் மூடிவிட்டேன். அப்புறம் டிராம். ஏழுமலை எங்களை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டுப் பட்டறை வேலைக்கு ஓடினான்.

டாக்டர் சின்னப் பையன். மீசை சரியாக முளைக்கவில்லை. கதவருகே நின்ற ஆள், "பெத்தவ மட்டும் உள்ள போட்டும். நீ குந்து ஆயா" என்று என்னைத் தடுத்துவிட்டான். காதோரம் மரு உள்ள ஆள். மூஞ்சி ஞாபகத்தில் இருக்கிறது.

கதவு இடுக்கில் பார்த்தேன். பிள்ளை கண்ணில் விளக்கு அடித்தார்கள். இங்கிலீஷில் பேச்சு. சிரிப்பு. இதில் சிரிக்க என்ன?

கன்னியம்மா வெளியே வந்தாள். பிள்ளையின் வலது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டு. வலது! நேராக இருக்கிற கண்!

"இன்னாடி, நல்ல கண்ண கட்டிக்கினு வர?"

"அப்டித்தான் அத்தே. நல்லத மூடுனாத்தான் அந்தச் சோம்பேறிக் கண்ணு வேல செய்யுமாம். தெனம் காத்தால கட்டி, மத்தியானம் தூங்கறப்ப அவுக்கணுமாம். இப்ப வுட்டா அதுல பார்வயே பூடும்னு சொன்னாரு."

கண்ணுக்கு என்ன சோம்பல், அது என்ன களத்துக் கூலியாளா. எனக்குப் புரிந்துவிட்டது. எதிரே நிற்கிறவனுக்கு இடம் வலம் மாறிப்போகும். ஏழுமலைக்கு அம்மை குத்த வந்தவனும் இந்தக் கை என்று காட்டிவிட்டு அந்தக் கையில்தான் குத்தினான். அதே கதை. தப்பை ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று சோம்பேறிக் கண் கதை, பார்வை போகும் என்று மிரட்டல். மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்களாம். ஏன் சொல்ல மாட்டார்கள்.

மாசி 6, புதன்

காலையில் கன்னியம்மா கட்டினாள். பிள்ளை வீடே இடிகிற மாதிரி அலறல். கட்டைப் பிய்க்கிறான், தலையைத் தரையில் மோதுகிறான். இவள் கல்லு மாதிரி நிற்கிறாள். செ.காரி பெண்தானே.

துணி துவைக்க ஏரிக்குப் போனாள். அவிழ்த்து, சரியான கண்ணில், இடது கண்ணில் கட்டினேன். உடனே அழுகை நின்றது. தரையில் கிடந்த பொரியை ஒன்றொன்றாகப் பொறுக்கித் தின்றான். சிரித்தான். யார் டாக்டர்?

அவள் வருமுன் பழையபடி வலதில் கட்டிவிட்டேன். மறுபடி அலறல்.

மாசி 8, வெள்ளி

வெயில் வந்தது. மிளகாய் காயப்போட்டேன்.

நேற்றும் இன்றும் அவள் ஏரிக்குப் போனதும் மாற்றினேன். கன்னியம்மா வந்ததும் கட்டின் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். என் மேல் சந்தேகம். மாமியாரைச் சந்தேகப்பட எங்கே கற்றாள் என்று கேட்கவே வேண்டாம்.

ராத்திரி சாப்பாட்டில் ஏழுமலை: "எம்மா, புள்ள கட்டுல நீ கைய வெக்காத."

"நான் எதுக்கு வெக்கறேன்?"

"சொன்னா கேளும்மா."

இருவரும் பேசிவைத்துக்கொண்டது. ரசத்தில் உப்பு அதிகம் என்று நான் சொல்லவில்லை. விட்டுவிட்டேன்.

மாசி 11, திங்கள்

இன்றும் ஏரிக்குப் போனாள். நான் கொல்லையிலிருந்து உள்ளே வந்தேன். பேசவில்லை. பிள்ளை வலது கண் கட்டோடு தூணோரம் உட்கார்ந்திருந்தான். அழுது ஓய்ந்திருந்தான். என்னைக் கண்டால் இரண்டு கையையும் தூக்குகிறவன். தூக்கவில்லை. நேரே வந்து நின்றேன். என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தான். கோபம் போல என்று நினைத்தேன்.

வாழைப்பழத் துண்டை நீட்டினேன். பேசாமல். அவன் கை பக்கவாட்டில் காற்றைத் துழாவியது. துண்டு மூக்குக்கு நேரே இருக்கிறது.

"தணி" என்றேன். குரல் வந்த பக்கம் திரும்பினான். பழம் தெரியவில்லை.

அவிழ்த்தேன். பாய்ந்து பிடுங்கினான். மறுபடி வலதைக் கட்டினேன். கை துழாவுகிறது. இடதைக் கட்டினேன். சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்கிறான்.

உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கண் சும்மா இருக்கிறது. பார்ப்பதே இல்லை. அந்தப் பையன் டாக்டருக்கு இடம் வலம் மாறவில்லை. நான் மாற்றிக் கட்டியபோது பிள்ளை சிரித்தது, பார்க்கிற கண் திறந்திருந்ததால். என்னையும் உள்ளே விட்டு இப்படிப் பழத்தை நீட்டிக் காட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமே. மருக்காரன் தடுத்தான். அவனைச் சும்மா விட முடியாது.

கிலுகிலுப்பையையும் விடுவதாக இல்லை.

வலது கண்ணில் கட்டினேன். பஞ்சு நகராமல் நன்றாக இறுக்கி. முடிச்சுப் போடும்போது கன்னியம்மா உள்ளே வந்தாள். ஈரத்துணிக் கூடையைக் கீழே போட்டாள்.

"திரும்பவும் மாத்திக்கினு கீறீங்களா? எனக்குத் தெரியும் அத்தே. நா போடற முடிச்சு வேற, ஒங்க முடிச்சு வேற. புள்ளைக்கு கண்ணு பூட்டா நீங்க குடுப்பீங்களா?"

"எந்தக் கண்ணுல கீதுன்னு பாருடி."

பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். அப்போதும் நம்பவில்லை. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். காரணம் நான் சொல்லவில்லை.

மாசி 12, செவ்வாய்

மூட்டம். ஏழுமலை வேலைக்குப் போய்விட்டான். காலையில் கட்டு நான் போட்டேன். கன்னியம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தாள். இன்றைக்கு ஏரிக்குப் போகவில்லை, துணி அப்படியே கிடக்கிறது. அடுப்படியிலிருந்து நிமிஷத்துக்கொரு தரம் எட்டிப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.

பிள்ளை என் மடியில். அலறுகிறான். என் மணிக்கட்டைக் கடித்துவிட்டான், இரண்டு பல் பதிந்திருக்கிறது. அவன் கை இரண்டையும் என் இடது கைக்குள் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது. விட்டால் கட்டைப் பிய்த்துவிடுவான். விடப்போவதில்லை.